நாமக்காரி நடந்த பாதை

தேசப்பனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய்தான்.

திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவில் இருக்கிற குன்றுகளில் எத்தனை ஒற்றையடிப் பாதை இருக்கிறது, எத்தனை சுனை இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்திருந்தது. அதன் தலைவர் பாலசுப்பிரமணியன் ஊர் டீக்கடையில் நின்று, "மலை நல்லா தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் மற்றவர்கள் யோசிப்பதற்குள் தேசப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த மலையில எனக்குத் தெரியாத கல்லு ஒண்ணு இருந்தா காட்டுங்க சார். அத தூக்கி தலையில வெச்சிக்கிறேன்."

உண்மையில் தேசப்பன் இருபது வருஷம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வாட்ச்மேனாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். கடைசியாக மலை ஏறியது கல்யாணத்துக்கு முன்னால், காணாமல் போன எருமையைத் தேடிக்கொண்டு. எருமை சாயங்காலமே தானாக வீடு திரும்பிவிட்டது. தேசப்பனைத் தேடித்தான் நாலு பேர் போக வேண்டியிருந்தது. இந்தக் கதை சென்னைக்காரருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தேசப்பன் திருத்தணிக்குப் போய் ஆபீசைக் கண்டுபிடித்தார். பூஜைச் சாமான் கடைக்கு மேலே ஒரே அறை. அங்கே சௌமியா என்கிற பெண் தன் சொந்த லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. நாளாக ஆக அது நத்தை மாதிரி ஊர ஆரம்பித்ததும், யாரையும் கேட்காமல் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அது ஓடுகிறது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் நிறக் கருவி ஒன்றை அவள் தேசப்பனிடம் கொடுத்தாள். "இது ஜிபிஎஸ்ணா. ரெண்டு பேட்டரி போட்டிருக்கேன். வானத்துல சுத்துற சாட்டிலைட்டப் பாத்து, நீங்க எங்க கீறீங்கன்னு இதுவே குறிச்சிக்கினு வரும். நீங்க சும்மா நடந்தா போதும். முக்கியமான எடம் வந்தா இந்த பட்டனை அழுத்திப் பிடிங்க, அங்க ஒரு புள்ளி விழும்."

"நடக்கறதுதானே? அதுக்கென்னா பாப்பா!"

முதல் நாள் தேசப்பன் நிஜமாகவே நடந்தார். அரை மலை ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைத் தின்று, இறங்கினார். இறங்கும்போது வலது முழங்கால் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. காலைப் பிடித்தபடியே பஸ் ஏறிப் போய்க் கருவியைக் கொடுத்தார்.

சௌமியா கேபிளைச் செருகினாள். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. அதில் எதையோ தட்டினாள். கம்ப்யூட்டர் ஒரே வரியில் பதில் சொன்னது.

"இன்னா சொல்லுது?"

"அனுமதி இல்லன்னு சொல்லுதுண்ணா."

தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கஷ்டப்பட்டு ஏறினது நானு. அனுமதி இல்லன்னு சொல்ல இது யாரு?"

"இருங்கண்ணா. இந்தக் கருவிய விக்கிறவங்க லினக்ஸுக்குன்னு எதுவும் குடுக்கறதில்ல. நாமதான் கெஞ்சிக் கூத்தாடி எடுக்கணும்." முன்னால் 'சூடோ' என்று, முழு அதிகாரம் கேட்கிற ஒரு வார்த்தையைச் சேர்த்து மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் வாயைத் திறக்காமல் வேலையை முடித்தது. எண்களாக வந்து கொட்டின. அவற்றை வரைபடத்தில் போட அவளே எழுதி வைத்திருந்த ஒரு சின்ன நிரலை ஓட்டினாள். வரைபடம் விரிந்தது. சௌமியா திரையைப் பார்த்தாள், தேசப்பனைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னிக்கு நீங்க எங்க போனீங்க?"

"எங்க ஊர் மலைக்கு."

"இதுல வடதுருவத்துக்குப் பக்கத்துல ஒரு பனித்தீவுல நடந்ததா காட்டுது."

தேசப்பன் எட்டிப் பார்த்தார். திரை முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு, அரை மலை ஏறி இறங்கியிருந்தது.

தப்பு அவளுடையதுதான். அட்சரேகை வரவேண்டிய இடத்தில் தீர்க்கரேகையைப் போட்டிருந்தாள். பதின்மூன்றும் எழுபத்தொன்பதும் இடம் மாறியதில் திருத்தணி மலை பனிக்குள் போய் விழுந்துவிட்டது. நிரலில் ஒரு வரியைத் திருத்தினாள். கோடு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தேசப்பன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. லுங்கியோடு போனவனைப் பனிக்கட்டி மேல் நடந்தான் என்று சொன்னாலும் நம்புகிற கம்ப்யூட்டர் இது. நடந்தது யார் கால் என்று அதற்கு எங்கே தெரியப்போகிறது?

அவருடைய மனைவி ஜெயம்மாள் பதினான்கு ஆடு வைத்திருந்தாள். தினமும் காலை எட்டு மணிக்குப் பட்டியைத் திறந்து மலைக்கு ஓட்டிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். எல்லா ஆட்டுக்கும் முன்னால் போவது நாமக்காரி. நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டதுபோல ஒரு கோடு இருந்ததால் அந்தப் பெயர். பெயரில் இருந்த பக்தி நடத்தையில் இல்லை. வேலி கண்ட இடத்தில் நுழையும், மரம் கண்ட இடத்தில் ஏறும்.

மறுநாள் காலை தேசப்பன் ஒரு பழைய ஜீன்ஸ் துணியில் பை தைத்து, கருவியை அதில் போட்டு, அதன் முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி நாமக்காரியின் கழுத்தில் இறுக்கிக் கட்டினார்.

"இன்னாய்யா அது?" என்றாள் ஜெயம்மாள்.

"நரி வராத மிஷின். எங்க ஆபீஸ்ல சும்மா குடுத்தாங்க. நரி காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு சத்தம் போடும்."

ஜெயம்மாள் கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நீ இன்னா நரியா?"

அவள் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். தேசப்பன் பம்புசெட் அறைக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார்.

மூன்று வாரம் இப்படியே போனது. சாயங்காலம் ஆட்டின் கழுத்திலிருந்து கருவியைக் கழற்றித் துடைப்பார். காலையில் முதல் பஸ்ஸில் போய் சௌமியாவிடம் காட்டிவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார். அவளும் அவருக்காக ஆறரைக்கே ஆபீசைத் திறந்தாள். இவ்வளவு உழைக்கிற மனுஷரைக் காக்க வைக்கலாமா?

"இன்னாண்ணா, ஆட்டு வாடை வருது?"

"மலையில ஆடு மேயாம யானையா பாப்பா மேயும்?"

"சரி, இது இன்னா? இந்தப் புளியமரத்த இருபது தபா சுத்தியிருக்கீங்க."

தேசப்பன் தாடையைத் தடவினார். அன்றைக்குப் பக்கத்து ஊர் கடா ஒன்று நாமக்காரியைத் துரத்திய விஷயம் ஜெயம்மாள் சொல்லி அவருக்குத் தெரியும். "அங்க ஒரு பழைய பாதை கீதுன்னு சந்தேகம். நாலா பக்கமும் பாத்தேன்."

"இந்தப் பாறையில ரெண்டு நிமிஷத்துல நாப்பது அடி ஏறியிருக்கீங்களே! எப்படிண்ணா?"

"பழக்கம்தான்."

கோட்டோடு புள்ளிகளும் விழுந்திருந்தன. நாமக்காரி கழுத்தைப் பாறையில் உரசும்போதும், சந்தில் நுழையும்போதும் பட்டன் அழுந்தியிருக்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் தினமும் ஒரே இடத்தில், நடுப்பகலில் விழுந்தது. சௌமியா எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டுப் பாலசுப்பிரமணியனுக்கு அனுப்பினாள். அவர் அந்தப் படத்தைச் சென்னையில் ஒரு கூட்டத்தில் திரை போட்டுக் காட்டி, "வேற ஊர்ல எங்க ஆளுங்க ரோட்டோரமாவே நடந்துட்டு வந்துடறாங்க. தேசப்பனைப் பாருங்க, ஆடு மாடு கூட ஏறாத இடமெல்லாம் ஏறியிருக்கார்" என்று பேசினாராம்.

ஊரில் இன்னொரு பக்கம் ஜெயம்மாள் மூலமாக மிஷினின் பெருமை பரவியது. மூன்று வாரமாக ஒரு நரியும் வரவில்லை. அதற்கு முன்னாலும் வந்ததில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடிவாரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த குப்பம்மாள் ஒரு நாள் தேசப்பனை வழிமறித்தாள்.

"ஏம்ப்பா, நரி வராத மிஷின் வெச்சிக்கினு கீறியாமே. ஆடு வராத மிஷின் ஒண்ணு கெடைக்குமா? எவ ஊட்டு ஆடுன்னு தெரியல, தெனமும் எங்கியோ பூந்து வந்து கடலைக் கொடிய மொட்டையடிச்சிட்டுப் போவுது. எந்தப் பக்கம் வருதுன்னே கண்டுபுடிக்க முடியல."

"கேட்டுப் பாக்கறேன் குப்பம்மா" என்று சொல்லிவிட்டு தேசப்பன் வேகமாக நடந்தார். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து சௌமியா போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு சார் வராரு. நீங்க நடந்த வழியிலேயே உங்க கூட நடந்து பாக்கணுமாம்."

"நாளைக்குக் கிருத்திகை பாப்பா. திருத்தணியில கூட்டம் நெரியும். பஸ்ஸே கெடைக்காது."

"அவர் ஜீப்புல வராருண்ணா."

"எனக்குக் கால் வேற..."

"நாப்பது அடிப் பாறைய ரெண்டு நிமிஷத்துல ஏறுற கால்தானே? போங்கண்ணா!"

மறுநாள் ஒன்பதரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. பாலசுப்பிரமணியன் தொப்பியும் புது ஷூவுமாக இறங்கித் தேசப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடவே சௌமியா. முந்தின வாரத்துக் கோடுகளை லேப்டாப்பிலிருந்து திரும்பவும் ஒரு புதுக் கருவிக்குள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். "இப்ப இதுவே வழி காட்டும் சார். தடம் மாறினா பீப்னு கத்தும்" என்றாள். கருவியிலிருந்து எடுக்கத்தான் கெஞ்ச வேண்டியிருந்தது, ஏற்றுவதற்கு லேப்டாப் மறுபேச்சு பேசவில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். ஜெயம்மாள் ஆடுகளோடு எப்போதோ மலைக்குப் போயிருந்தாள். தேசப்பனின் கருவி வழக்கம்போல நாமக்காரியின் கழுத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

கோடு தேசப்பன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆட்டுப் பட்டியிலிருந்து ஆரம்பித்தது.

"ஏன் பட்டியிலேர்ந்து?" என்றார் பாலசுப்பிரமணியன்.

"செருப்ப அங்கதான் சார் விடுவேன்."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். தேசப்பன் நல்ல பாதையாகப் பார்த்து இடது பக்கம் திரும்பினார். பீப். வலது பக்கம் ஒதுங்கினார். பீப். கருவி காட்டிய திசையில் முள்வேலிக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஒரு சந்து இருந்தது.

"இதுக்குள்ளயா போவீங்க?"

"ஆங். குறுக்கு வழி."

சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? தேசப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புற விழுந்து ஊர்ந்தார். பின்னாலேயே, தொப்பி முள்ளில் மாட்டிக்கொள்ள, பாலசுப்பிரமணியனும் நாலு காலில் நுழைந்தார். அவர் முகத்தில் இப்படி ஓர் ஊழியர் கிடைத்த பூரிப்பு. சௌமியா கருவியைப் பார்த்துக்கொண்டே, "சரியா இந்த எடத்துல ஒரு புள்ளி கீது சார்!" என்று கத்தினாள்.

சந்தின் மறுபக்கம் வேர்க்கடலைக் கொல்லை. நடுவில் கம்போடு குப்பம்மாள்.

அன்றைக்கும் அவள் வருவதற்குள் ஆடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது; மறுபடியும் வரும் என்று பதுங்கியிருந்தாள். வேலி அசைந்ததும் ஓடி வந்தாள். கம்பை ஓங்கினாள். வேலிக்கு அடியிலிருந்து ஆட்டுத் தலைக்குப் பதிலாகத் தேசப்பனின் வழுக்கைத் தலை வந்தது. அதற்குப் பின்னால் தொப்பியில்லாத ஒரு பெரிய மனிதரின் தலையும் வந்தது.

"நீயாய்யா என் கடலைய தின்னது?"

"ஐயோ, இல்ல குப்பம்மா..."

"அம்மா, அடிக்காதீங்க" என்றார் பாலசுப்பிரமணியன், முழங்காலில் நின்றபடி. "இவர் தினமும் இந்த வழியாத்தான் மலைக்குப் போறார். எங்ககிட்ட பதிவு இருக்கு. சௌமியா, காட்டும்மா."

அவர் உதவுகிறதாகத்தான் நினைத்தார். பின்னாலேயே ஊர்ந்து வந்த சௌமியா கருவியை நீட்டி, "திங்கக்கிழமை ஒம்பது அஞ்சு. செவ்வாய் ஒம்பது பத்து. இங்க இருவத்தஞ்சு நிமிஷம் நின்னிருக்காரு. நெளிஞ்சு நெளிஞ்சு கொல்ல பூரா போயிருக்காரு" என்று படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மெதுவானது. கொல்லையைப் பார்த்தாள். கோடு நெளிந்த இடத்திலெல்லாம் கொடி மொட்டையாக நின்றது.

குப்பம்மாள் கம்பைக் கீழே ஊன்றினாள். "ஆட்டுக்கு மட்டும் தெரிஞ்ச சந்து உனக்கு எப்படித் தெரிஞ்சிது? ஒண்ணு நீ ஆடா இருக்கணும். இல்ல, ஒன் ஆடா இருக்கணும். எதுன்னு சொல்லு."

தேசப்பனுக்கு அதுவரை வாய் கைவிட்டதே கிடையாது. அன்றைக்கு அதுவும் கைவிட்டது. கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாற்காலி, முழங்கால், ஜீன்ஸ் பை, நாமக்காரி எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தார்.

பாலசுப்பிரமணியன் முள்ளிலிருந்து தொப்பியை எடுத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சென்னைக் கூட்டத்தில் 'ஆடு மாடு கூட ஏறாத' என்று பேசியது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும், காது சிவந்திருந்தது. முதலில் சிரித்தது சௌமியாதான். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. "அந்த நாப்பது அடிப் பாறை..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்தாள்.

"சிரிக்காதம்மா. அந்த ஆடு இப்ப எங்க கீதுன்னு பாரு" என்றாள் குப்பம்மாள். "நானும் வரேன். கையும் களவுமா புடிக்கணும்."

பாலசுப்பிரமணியன் கருவியை வாங்கிப் பார்த்தார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் தினமும் நடுப்பகலில் ஒரே இடத்தில் விழுந்த அந்தப் புள்ளி அவரை விடவில்லை. "அந்த இடத்துல என்னதான் இருக்குன்னு பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார். நாலு பேரும் ஏறினார்கள். பாறை வந்த இடத்தில் ஆட்டைப் போல ஏற முடியாமல் சுற்றிப் போனார்கள். கருவி வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தது. தேசப்பன் கடைசியில், அடிக்கொரு தரம் நின்று நின்று வந்தார். குப்பம்மாள் அறுபது வயதிலும் எல்லாருக்கும் முன்னால் போனாள்.

இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு குடைவு. உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில், தெளிவாக ஒரு சுனை. நாமக்காரி முன்னங்கால்களை மடித்து, கழுத்தைப் பாறையில் அழுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெயம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

பாலசுப்பிரமணியன் பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார், புரட்டினார், மடித்தார். "இது எந்தப் படத்திலும் இல்லையே! கோடையில?"

"சித்திரையிலகூட வத்தாதுங்க" என்றாள் ஜெயம்மாள். "நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்ட நாள்லேர்ந்து ஆட்டுக்கு இங்கதான் தண்ணி காட்டுறேன். அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கீது. ஒண்ணுல மீன் கூட கீது." பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தாள். முள் கிழித்த சட்டையோடு ஒரு பெரிய மனிதர், கம்போடு குப்பம்மாள், சிரிப்பை அடக்குகிற ஒரு பெண், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தன் புருஷன். "இன்னாய்யா, எல்லாரையும் கூட்டினு வந்துக்கிற? நரி வந்திச்சா?"

விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. நாமக்காரியின் கழுத்திலிருந்து பையை அவிழ்த்துக் கருவியை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். "இதைச் சொல்லிக் குடுத்திருந்தா நானே தூக்கினு போயிருப்பேனே. எதுக்கு வாயில்லா ஜீவன் கழுத்துல கட்டினே?" என்று மட்டும் கேட்டாள்.

சுனைக்குப் பக்கத்திலேயே எல்லாம் முடிவாகியது. அடுத்த நாளிலிருந்து கருவி ஜெயம்மாளிடம். மலை வேலை அவள் பெயரில். வேலிச் சந்தைத் தேசப்பனே முள் வெட்டி வந்து அடைக்க வேண்டும், கொல்லைக்கு ஒரு மாதம் அவரே காவல் இருக்க வேண்டும் என்று குப்பம்மாள் தீர்ப்புச் சொன்னாள். அந்த மாதம் முடிந்ததும் தேசப்பனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. "எண்கள் நிறைய வரும் சார், நான் ஒருத்தியே பாக்க முடியாது. உக்காந்து செய்யற வேலைதான்" என்று சௌமியா இழுத்தாள். உட்கார்ந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் தேசப்பன் தலை நிமிர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து, பூஜைச் சாமான் கடைக்கு மேலே, தேசப்பன் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு ஜன்னலில் ஓர் எழுத்து தப்பினாலும் கம்ப்யூட்டர் முறைத்தது. நாலாவது தடவை சரியாக விழுந்தது. ஜெயம்மாளின் முந்தின நாள் கோடு திரையில் நீளமாக விரிந்தது. மலையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, மறுபடியும் ஏறி, வீடு வந்தது. மூலையில் ஓர் எண் இருந்தது.

"பாப்பா, பதினாலு புள்ளி மூணுன்னு போட்டிருக்கே, அது இன்னா? ஆடா?"

"கிலோமீட்டர்ணா. அக்கா ஒரு நாளைக்கு நடக்கற தூரம்."

தேசப்பன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, பட்டியிலிருந்து பட்டிவரை மெதுவாக ஒரு முறை நகர்த்திப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அடுப்படியில் நின்ற ஜெயம்மாளிடம், "தெனமும் பதினாலு கிலோமீட்டரா நடக்கிற?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? ஆடு போவுது, பின்னாலயே போறேன்" என்றாள் அவள். "சோறு ஆறிப்போவுது, உக்காரு. ஆங், நாளைக்கு வரும்போது ரெண்டு பேட்டரி வாங்கினு வா. நல்லதா பாத்து வாங்கு. போன தபா வாங்கினது மத்தியானமே படுத்துக்கிச்சு."

தேசப்பன் உட்காரவில்லை. தட்டை அவரே எடுத்து, முதலில் அவளுக்குப் போட்டார். ஜெயம்மாள் தட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இன்னாய்யா, இப்ப இன்னா பண்ணிட்டு வந்துக்கிற?" என்றாள் சந்தேகத்தோடு.